குச்சிச் சோதனை

"சாயப்பட்டறைக்காரன் தொறந்துவிட்டுட்டான் மேடம்"
என்றுதான் மொக்கராசு முதலில் போன் போட்டார்.
விரகனூர் தாண்டி நெடுங்கல் கண்மாய்.
மீன்பாசிக் குத்தகை அவர் பேரில், மூன்று வருஷத்துக்கு.
மடைப்பக்கம் பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்தது மாதிரி
ஒரு பச்சை.
ஜிலேபிக் கெண்டைகள் வாய்பிளந்து ஒதுங்கியிருந்தன.
"மீன் போச்சு. குத்தகையில பாசி மட்டும் மிச்சம்" என்றார்.
சிரித்தாரா தெரியவில்லை,
லைனில் ஒரே காற்று.

அது சித்திரை.
ஒரு பாட்டில் அள்ளிவந்து
நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தேன்.
சாயம் இல்லை, உயிர்தான்.
கட்டி கட்டியாக, மேகத் துண்டுகள் மாதிரி.
எண்ணினேன். எழுதினேன்:
அளவுக்குள்.

ஐப்பசியில் பின்லாந்திலிருந்து ஒரு குப்பி வந்தது,
சென்னை கஸ்டம்ஸில் பதினோரு நாள் படுத்துக் கிடந்துவிட்டு.
அயோடின் போட்டது, வரக்காப்பி நிறம்.
ஒரே ஏரித் தண்ணீர், ஏழு பங்கு, ஏழு தேசம்.
எல்லாரும் எண்ணி அனுப்புங்கள், யாரும் யாரையும் பார்க்காமல்
என்று எழுதியிருந்தார் பிர்க்கோ.

திரையில் கூடினோம்.
எனக்குச் சோற்று நேரம், அவர்களுக்கு இன்னும் காலை.
ஒரே தண்ணீருக்கு ஏழு எண்கள்.
ஆகச் சின்னது மதுரையின் எண்.

யாரும் தப்பு என்று சொல்லவில்லை.
கிசுமுவிலிருந்து அச்சியெங் மட்டும் கேட்டாள்:
"கட்டியை உடைத்துவிட்டா எண்ணினீர்கள்?"

உடைக்கவில்லை.
ஒரு கட்டிக்குள் முந்நூறு இருக்கும், நானூறும் இருக்கும்.
ஒன்று என்று போட்டிருந்தேன்.
கதவைத் தட்டாமலே
வீட்டுக்கு ஓர் ஆள் என்று எழுதிக்கொண்டு போகிற
குடிக்கணக்கு.

"நானும் முதல் வருஷம் அப்படித்தான்.
எங்கள் ஏரியில் அந்த வருஷம்…"
முடிக்கவில்லை. அவள் படம் உறைந்து நின்றது.
நெட் போயிருக்கலாம்.

சித்திரை மாத நோட்டைத் தேடி எடுத்தேன்.
என் கையெழுத்துதான். அளவுக்குள்.
அந்த வாரம்தான்
ஒச்சம்மாவின் வெள்ளாடுகள் நாலு
கரையிலேயே காலை உதறி விழுந்தன,
ஒன்று சினையாடு.
"தண்ணியில ஒண்ணுமில்லன்னு ரிப்போர்ட் இருக்கேம்மா"
என்று மனுவைத் திருப்பித் தந்திருக்கிறார்கள்.
அந்த ரிப்போர்ட்.

பிர்க்கோவின் அடுத்த மடலில் கருவி ஏதும் இல்லை.
உங்கள் ஊரில் குச்சி கிடைக்குமா?

கருவேலங்குச்சிக்கா பஞ்சம்.
முள்ளைச் சீவி மொக்கராசு தண்ணீரில் விட்டுத் தூக்கினார்.
நூல் நூலாய்க் குச்சியில் தொங்கினால் அது வேறு பாசி.
பிடிபடாமல் ரவையாய்க் கலைந்தால்
இது.
கலைந்தது.
விஷம் ஏறியிருக்கிறதா என்று குச்சி சொல்லாது,
மாட்டை இறக்காதே என்று சொல்ல
அது போதும்.

ஒச்சம்மாவும் கரையில் நின்றிருந்தாள்.
"காய்ச்சிக் குடுத்தா?"
காய்ச்சினாலும் போகாது என்றேன்.
பிறகு, என் கணக்குப் பிழை என்றேன்,
கட்டி, முந்நூறு, எல்லாவற்றையும் சொன்னேன்.
முழுக்கக் கேட்டாள்.
"அப்ப புது ரிப்போர்ட்டு குடுப்பியா? தேதி போட்டு?"

கொடுத்தேன்.
ஏழு பேருக்கும் பொதுவான அட்டவணையிலும்
சித்திரை எண்ணை அடித்துத் திருத்தினேன்.
ஆட்டுக்கு அதில் கட்டம் இல்லை.
வெப்பம், காரம், உப்பு, பாஸ்பரஸ், எல்லாவற்றுக்கும் இருந்தது.
ஒரு கட்டம் வேண்டும் என்று எழுதிக் கேட்டேன்.
இரண்டு நாள் பேச்சில்லை.
மூன்றாம் நாள் கடைசியில் முளைத்திருந்தது:
இழப்பு.

நெடுங்கல், 4 என்று போட்டேன்.
பக்கத்தில் சினை என்று எழுத இடமில்லை.

விடிந்து பார்த்தால்
கிசுமு வரிசையில் ஓர் எண்.
தேதி ஆறு வருஷம் பழையது.
ஆடா மாடா என்று குறிக்கவில்லை.
நான் கேட்கவும் இல்லை.

மொக்கராசு தினமும் ஆறு மணிக்குப் படம் அனுப்புகிறார்:
குச்சி, கை, பின்னால் கொஞ்சம் கண்மாய்.
கீழே ஒரே ஒரு சொல்.

இன்றைக்கு:
ரவை.